அருவி முன்னாடி போட்டோ: 'இன்னும் கொஞ்சம் பின்னாடி போ' ஏன் ஆபத்து?

சாரல் சீசனில் குற்றாலம், கொடைக்கானல் பக்கம் போறவங்க கையில் துண்டு இருக்கோ இல்லையோ, போன் கட்டாயம் இருக்கும்.

2022 ஆகஸ்ட்டில் திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி அருகே புல்லாவெளி அருவியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். விளிம்புப் பாறையில் போஸ் கொடுத்த இளைஞர் கால் வழுக்கி விழுந்தார். நண்பர் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவிலேயே அது பதிவானது. அடுத்த ஆண்டு ஜூலையில் கர்நாடக மாநிலம் கொல்லூர் அருகே அரசினகுண்டி அருவியிலும் இதேபோல ஒரு இளைஞர் பலியானார். அங்கேயும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டிலும் தொடக்கம் ஒன்றுதான்: ஈரப் பாறை.

பாறை ஏன் இப்படி வழுக்குது?

எப்போதும் சாரல் படும் பாறையில் பாசி படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது வெறும் கறுப்புக் கறை மாதிரிதான் தெரியும். அதனால் 'இங்க பாசி இல்லை' என்று நம்பி கால் வைப்போம். தண்ணீர் பட்டதும் அதே கறை வழவழவென்று ஆகிவிடும். செருப்போ ஷூவோ பாறையைத் தொடுவதே இல்லை, பாசி மேல்தான் நிற்கிறது.

சரி, விளிம்பு வரைக்கும் ஏன் போறாங்க?

இங்கேதான் கேமராவுக்குப் பங்கு இருக்கு. பெரிய அருவி பிரேமில் அடங்காது. உடனே 0.5 ஜூமுக்கு மாறுவோம். அந்த வைட் லென்ஸ் பின்னால் இருப்பதையெல்லாம் சின்னதாக்கி, தூரமாகக் காட்டும். திரையைப் பார்ப்பவருக்கு விளிம்பு எங்கேயோ இருக்கிற மாதிரி தோன்றும். 'இன்னும் கொஞ்சம் பின்னாடி போ' என்பார். நிற்பவரோ கேமராவைப் பார்த்தபடியே பின்னால் கால் வைப்பார். பின்னால் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை.

கீழே நின்றால் பாதுகாப்பா?

அப்படியும் சொல்ல முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் உயிரிழந்தான். மலைக்கு மேலே காட்டில் பெய்யும் மழை, கீழே குளிப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, இலை, சுள்ளி அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே வெளியே வந்துடுங்க. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.

அப்போ நல்ல போட்டோ எப்படி?

தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமே, அருவியிலிருந்து நல்லா தள்ளி ஆளை நிறுத்துங்க. போட்டோ எடுப்பவர் அவரிடமிருந்தும் இன்னும் பல அடி விலகி 2 அல்லது 3 ஜூம் வைத்தால், ஆளுக்குப் பின்னால் அருவி பிரம்மாண்டமாக எழுந்து நிற்கும். பக்கத்தில் போய் 0.5-ல் எடுத்தால் அதே அருவி குழாய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்!

பட்டு மாதிரி வழியும் தண்ணீர் வேணுமா? ஐபோனில் லைவ் போட்டோ எடுத்துவிட்டு, அதை லாங் எக்ஸ்போஷருக்கு மாற்றினால் போதும். எடுக்கும்போது போன் அசையக்கூடாது. காலையில் வெயில் ஏறும் முன் எடுங்க. உச்சி வெயிலில் அருவி வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் வரும்.