நூறு வருடப் பனியில் வெங்காயம் ஏது?

காஞ்சிபுரத்துத் தறிகளைப் பற்றிப் பேச வரும் இலக்கிய நண்பர்களுக்குச் சமீபமாக ஒரு சொற்றொடர் கிடைத்திருக்கிறது: ‘முடிவற்ற குளிர்காலம்’. பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் குறைந்துவிட்டது, நெசவாளியின் வாழ்வில் முடிவற்ற குளிர்காலம் கவிந்துவிட்டது என்கிற ரீதியில். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நெசவுக் குடும்பத்தில் பிறந்து கணினிக்குத் தப்பிப் போன எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மார்கழி விடியலில் மப்ளர் சுற்றுவதைத் தாண்டிக் குளிரே தெரியாத ஊர் இது என்பதற்காக இல்லை. உவமை எந்த ஊரிலிருந்தும் வரலாம். ஆனால் இது வரும்போதே ஒரு கதையையும் கையைப் பிடித்து இழுத்துவருகிறது. அந்தக் கதை இந்தத் தெருவுக்குப் பொருந்தாது.

கதை சி. எஸ். லூயிஸுடையது. 1950இல் வெளிவந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ நாவலில், நார்னியா என்ற தேசத்தை ஒரு சூனியக்காரி நூறு வருடமாகப் பனியில் உறையவைத்திருக்கிறாள். அஸ்லான் என்ற சிங்கம் வருகிறது, பனி உருகுகிறது. சேற்றில் சிக்கிய சறுக்குவண்டியை விட்டிறங்கி அவள் நடக்க வேண்டியதாகிறது. அந்த அத்தியாயத்தை எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். பனியே பார்க்காத குழந்தைக்கு நார்னியா எதற்கு என்று கேட்கும் கட்சி நான் இல்லை. அண்ணன் மகளுக்கு நானேதான் வாசித்துக் காட்டினேன்.

பீவர் தம்பதியின் வீட்டு விருந்து வந்தபோது அவள் நிறுத்தினாள். அப்போது பிடித்த மீன், உருளைக்கிழங்கு, வெண்ணெய், கூரையிலிருந்து தொங்கும் வெங்காயச் சரம். “சித்தப்பா, நூறு வருஷமா பனின்னா வெங்காயம் எங்கேர்ந்து வந்துச்சு?”

சூனியக்காரியின் ஆட்சியில் பயம் இருக்கிறது, ஒற்றர்கள் இருக்கிறார்கள், கல்லாகச் சமைந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டினி மட்டும் இல்லை. நூறு வருடம் விளைச்சல் இல்லாத நாட்டில் யார் எதைத் தின்றார்கள் என்று நாவல் கேட்பதில்லை. இதற்கு ஒரு நியாயம் உண்டு. கதையின் நான்கு குழந்தைகளும் போர்க்கால லண்டனிலிருந்து விமானத் தாக்குதலுக்குப் பயந்து அனுப்பப்பட்டவர்கள். புத்தகம் வந்த வருடத்தில் பிரிட்டனில் மிட்டாய்க்கு இன்னும் ரேஷன். 1953இல்தான் அது நீங்கியது. பசி புத்தகத்துக்கு வெளியே, வாசகனின் வயிற்றில் இருந்தது. அதனால்தான் உள்ளே இவ்வளவு சாப்பாடு. லூயிஸை மன்னித்துவிடலாம். அவருடைய குளிர்காலத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுபவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் இதே காஞ்சியைப் பற்றி நம்மிடம் வேறொரு கதை இருக்கிறது.

மணிமேகலை காஞ்சிக்கு வரும்போது ஊர் வறண்டு கிடக்கிறது. இளங்கிள்ளி குழம்பிப்போய் நிற்கிறான். என் ஆட்சி பிழைத்ததா, தவம் செய்தவர்கள் தவறினார்களா, பெண்களின் கற்பில் குறையா? (கடைசிச் சந்தேகம் அந்தக் கால ஆண்களின் வழக்கமான புத்தி.) யார் குற்றம் என்ற அந்தக் கேள்விக்குக் காப்பியம் விடை சொல்வதில்லை. இங்கே சூனியக்காரி கிடையாது. வந்தவள் அமுதசுரபியைப் புத்தபீடிகையின் மேல் வைத்துப் பசித்தவர்களை அழைக்கிறாள். பல மொழி பேசுபவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், கவனிக்க ஆளில்லாதவர்கள், விலங்குகள்கூட வருகின்றன. விருந்தினர் பட்டியலில் சாத்தனார் எடுத்துக்கொண்ட அக்கறையைப் பாருங்கள்.

என் தொழிலில் நடுராத்திரி சர்வர் விழுந்தால், முதலில் சேவையை மீட்போம்; யார் தப்பு என்பதை மறுநாள் கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். மணிமேகலை செய்வதும் அதுதான்.

மந்திரச் சாப்பாடு நார்னியாவிலும் உண்டு. சூனியக்காரி எட்மண்டுக்குத் தரும் டர்க்கிஷ் டிலைட், தின்னத் தின்ன ஆசையைக் கூட்டும். அவருக்குச் சாப்பாடு ஒரு சோதனை, தின்றவன் துரோகி ஆகிறான். சாத்தனாருக்குப் பசி ஒரு பிணி, சோறு அதற்கு மருந்து. வாங்கித் தின்றவனின் குணத்தை யாரும் விசாரிப்பதில்லை.

‘இங்கேயும் ஒருத்தி வருவாள் என்று தெய்வம்தானே அரசனிடம் சொல்கிறது? மழையும் அவள் அருளால்தானே?’ என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் சோறு முதலில், மழை பிறகு. மழையை வெற்றியாகக் கொண்டாடும் மனநிலையும் அந்தக் காப்பியத்துக்கு இல்லை. ஆபுத்திரன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாண்டிநாட்டில் 12 வருடப் பஞ்சம். அவன் அதே பாத்திரத்தால் ஊருக்குச் சோறு போடுகிறான். வரம் தர வந்த இந்திரனைப் பார்த்துச் சிரித்துவிடுகிறான். கடுப்பான இந்திரன் மழையைக் கொட்டவைக்கிறான், இவனிடம் கையேந்த யாருமே இல்லாமல் போகட்டும் என்று. கடைசியில் அவன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, ஊட்ட ஆளில்லாத பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். பருவம் திரும்புவதைப் பழிவாங்கலாக எழுதிய கதை இது.

காப்பியம் போதும், கணக்குக்கு வருவோம். 1876–78 தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது உண்மை. ஆனால் 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று வைத்தாரே, அது வானத்திலிருந்து விழவில்லை. அரைக் கிலோகூட இல்லை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார், பிறகு கூலி கூட்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைத் தோண்டியவர்கள் பஞ்சக் கூலிகள். ஓஎம்ஆரில் வேலைக்குப் போகும் நம்மில் பலர் தினமும் அதைத் தாண்டுகிறோம். அந்த வருடங்களை வெறும் வறட்சி என்று எழுதினால் அந்த ஒரு பவுண்டு மறைந்துபோகும்.

தறிக்கு வருகிறேன். சேலை உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 1993இல் அதைச் செல்லும் என்றது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிச் சேலை இந்த ஊர்ப் பெயரிலேயே விற்கிறது. 2020 ஜூலையில், நோய்த்தொற்றில் பிழைப்பு முடங்கியிருந்தபோது, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய அரசு கலைத்தது. இதில் எது பருவநிலை? ‘குளிர்காலம்’ என்றதுமே கையெழுத்துப் போட்டவர்கள் காணாமல் போகிறார்கள், மிஞ்சியவர்கள் சிங்கத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு சிங்கம் பட்டுச்சேலை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறது.

நிஜமான பருவக் கஷ்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இந்த நண்பர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு போட முடியாது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் முதலாளியிடம் வாங்கும் முன்பணத்தில்தான் ஓடும். அது தை மாதக் கூலியில் கழியும், முழுசாகக் கழிந்து நான் பார்த்ததில்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதற்கு எண்ணி நிவாரணம் கொடுக்கத் தெரிந்த அரசுக்குத் தறிக்குழியில் தண்ணீர் நிற்கும் நாட்களை எண்ணுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. எத்தனை நாள், தறிக்கு எவ்வளவு, சங்கத்தில் இல்லாத கூலி நெசவாளிக்கு யார் மூலம்? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.