பண்டிகைக்கு ஒரு படம் வேண்டும்

'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக' என்ற அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதை எட்டிவிட்டது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்த பிறகு தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எதுவானாலும் சிறப்பு நிகழ்ச்சி என்றால் புதுப்படம் என்றாகிவிட்டது. ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை வீடுகளில் நிலைத்தது புதுப்படம் அல்ல, பட்டிமன்றம். சாலமன் பாப்பையா நடுவராக உட்கார, ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில் பேசுவார்கள். தலைப்பு மாறும், முகங்கள் மாறாது. இட்லித் தட்டோடு வந்து உட்காரும் பாட்டிக்கும் பேரனுக்கும் அடுத்து யார் பேசுவார் என்று தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளிக்கு என்ன படம் போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. புதுசு கூட்டத்தைக் கூட்டும். திரும்பத் திரும்ப வருவதுதான் வழக்கமாகும். ஆகவே ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரே படத்தை, ஆண்டுதோறும், ஒரே நேரத்தில் காட்டும் ஏற்பாடு தமிழில் வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் என்றால் பல வீடுகளில் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' ஓடும். 1946-ல் வெளியானபோது வசூலில் பெரிதாகச் சோபிக்காத படம் அது. 1974-ல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்பதால் நிலையங்கள் டிசம்பர்தோறும் போட்டன, பார்த்துப் பார்த்தே அது குடும்பச் சொத்தானது. ஜெர்மனியில் இன்னும் வியப்பு. 'டின்னர் ஃபார் ஒன்' என்ற பதினெட்டு நிமிட ஆங்கில நாடகத்தை 1963-ல் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார்கள். 1972 முதல் டிசம்பர் 31 இரவு அது இல்லாமல் அங்கே புத்தாண்டு பிறப்பதில்லை. மொழிகூட அவர்களுடையதல்ல. ஆனாலும் அடுத்த வசனம் என்ன என்று வீடே சொல்லும்.

இது யாருக்கு வேண்டும் என்பதைக் கடம்பத்தூர் போன்ற ஊரில் பார்க்கலாம். அரக்கோணம் லோக்கலைப் பிடித்துச் சென்னைப் பக்கம் போகிறவர்கள் ஒருபுறம், கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர்கள் மறுபுறம். அப்பா ஏ ஷிப்ட், மகன் நைட் ஷிப்ட் என்றால் ஒருவர் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் இன்னொருவர் கேரியரைக் கழுவப் போடுவார். ஒரே வீடுதான், பேசிக்கொள்ள வாரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு உறுதி செய்வது நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும்தான். அன்றும் வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம் தரலாம் என்பதால், கடன் உள்ள வீட்டில் அந்த நாளும் கையைவிட்டுப் போகும். எஞ்சிய பண்டிகைப் பிற்பகலில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்காரும் இரண்டரை மணி நேரத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை.

கையில் செல்போன் இருக்கிறது, ஓடிடி-யில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்பார்கள். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால்தான் சேர்ந்து பார்ப்பது நின்றுபோனது. நாலு பேர் நாலு மூலையில் நாலு படம் பார்க்கிறார்கள். 1965 முதல் அமெரிக்க வீடுகளுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' நிகழ்ச்சியை 2020-ல் ஆப்பிள் நிறுவனம் தன் கட்டணத் தளத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டபோது, மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து அந்த ஆண்டே பிபிஎஸ் பொது ஒளிபரப்புக்கு வரவழைத்தார்கள். பழைய படம் பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பது அடுத்த வாதம். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் தருமி காட்சியைப் பத்து வயதுப் பிள்ளையும் நடித்துக் காட்டுகிறதே! டிவி வந்துதான் பண்டிகையில் உறவினர் வீட்டுக்குப் போவதே குறைந்தது என்ற குறையில் மட்டும் உண்மை உண்டு. அதனால்தான் நாள் முழுக்க ஓடும் சிறப்பு நிகழ்ச்சிகளைக் கேட்கவில்லை. ஒரு படம், ஒரு நேரம் போதும். பிறகு பெட்டியை அணைத்துவிட்டுப் பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போகலாம்.

விளம்பர வருமானத்தை நம்பும் சேனல்கள் இதைத் தொடங்க மாட்டா. இரண்டரை மணிப் படத்தை நாலு மணி நேரம் இழுப்பதில்தான் அவற்றின் பிழைப்பு இருக்கிறது. 1975-ல் சென்னையில் தொடங்கி, பொதிகையாக இருந்து, 2024-ல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய பொது ஒளிபரப்புக்கே இது பொருந்தும். கிறிஸ்துமஸுக்கு 1948-ன் 'ஞானசௌந்தரி' ஆகலாம், 1971-ன் 'அன்னை வேளாங்கண்ணி' ஆகலாம், தீபாவளிக்குத் 'திருவிளையாடல்' இருக்கலாம். எந்தப் படம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒருமுறை தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள் என்பதில் உண்டு. வரும் டிசம்பர் 25, பிற்பகல் மூன்று மணி, இடையில் விளம்பரம் இல்லாமல் ஒரு படம்: டிடி தமிழ் இதை அறிவிக்கட்டும், அடுத்த ஆண்டும் அதே மணிக்கு அதே படத்தைப் போடட்டும்.