ரோட்டுக்கு மைலேஜ் எவ்வளவு?

போன வாரம் தக்காளி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியோட குட்டியானை, 40 பெட்டி லோடு. எங்க ஊர்ல இருந்து 14 கிலோமீட்டர். சும்மா உக்காந்திருக்க முடியாம வேகத்தடைகளை எண்ணிக்கிட்டே போனேன். மொத்தம் 19. ஒவ்வொண்ணுலயும் பிரேக், கிளட்ச், ரெண்டாவது கியர், அப்புறம் ஒரு உறுமல், கறுப்புப் புகை.

எங்கப்பா மாட்டு வண்டி ஓட்டினவர். பாரம் ஏத்தின வண்டியை வழியில நிறுத்தவே விடமாட்டார். ஓடுற வண்டியை மாடு சுலபமா இழுக்கும், நின்ன வண்டியைக் கிளப்பத்தான் அதுக்கு உசுரு போகும். டீசல் வண்டிக்கும் இதே கதைதான்.

பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச கணக்கை வெச்சுச் சொல்றேன். ஓடுற வண்டியோட ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி 10க்கு இறங்கினா, அந்த ஆற்றல்ல 16ல் 15 பங்கு பிரேக்ல சூடாகிக் காத்துல போயிடுது. மறுபடி 40க்கு வரணும்னா அத்தனையையும் டீசல்தான் கொடுக்கணும். அதுவே 25க்கு மட்டும் இறங்கினா 16ல் சுமார் 10 பங்குதான் போகும்.

இந்த 25 நானாச் சொல்றதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988லயே அளவு எழுதி வெச்சிருக்கு. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வட்டமா ஏறி இறங்கணும். 25 கிலோமீட்டர் வேகத்துல குலுங்காமத் தாண்டலாம். எங்க வழியில இருக்கிறது என்ன? ரெண்டடி அகலத்துல ஒரு தார் மேடு. அதுக்குப் பேரு வேகத்தடை இல்லைங்க, வரப்பு.

"கண்ட இடத்துல மேடு போடுறது நீங்கதானே"ன்னு நகரத்து நண்பர்கள் கேக்கறீங்க. நியாயந்தான். நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க தெருவுல பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ளையை ஒரு பைக் இடிச்சுக் கால் உடைஞ்சுபோச்சு. நாங்க மறியல் பண்ணினோம், நானும் ரோட்டுல உக்காந்தேன். மறுநாளே ஒரு வண்டி ஜல்லியும் தாரும் கொட்டிட்டுப் போனாங்க. அளவு யாரும் கேக்கலை, நாங்களும் கேக்கலை. தப்புல எங்களுக்கும் பங்கு இருக்கு.

"புள்ளை உசுரை விட டீசல் பெருசா?" இல்லவே இல்லை. ஆனா அந்த மேட்டுக்குப் பயந்து பைக்காரங்க ஓரத்துல இருக்கிற சந்துல புகுந்து போறாங்க. அந்த ஓரத்துலதான் புள்ளைங்க நடந்து போகுது! சரியான அளவுல போட்டா வண்டியும் மெதுவாப் போகும், ஓரத்துக்கும் ஒதுங்காது. பள்ளிக்கூடத்து முன்னாடி நடைபாதை போட்டு ரோட்டைக் கொஞ்சம் குறுக்கினாலே ஓட்டுறவன் கால் தானா ஆக்சிலேட்டரை விடும். நாலு ரோடு கூடுற இடத்துல ஒரு ரவுண்டானா இருந்தா வண்டி முழுசா நிக்க வேண்டியதே இல்லை. உசுரைக் காப்பாத்துறதும் டீசலைக் காப்பாத்துறதும் ஒரே வேலைதான்.

இல்லேன்னா நஷ்டம் யாருக்கு? வீணாகுற டீசல் வாடகையில ஏறுது. குலுங்கின குலுக்கல்ல அடிப்பெட்டித் தக்காளி நசுங்குது, கமிஷன் கடையில விலையைக் குறைக்கிறாங்க. ரெண்டும் என் கணக்குல. அந்தப் புகை எல்லார் கணக்குலயும்.

வண்டி வாங்கும்போது "மைலேஜ் எவ்வளவு?"ன்னு தவறாமக் கேக்கறீங்க. புது ரோடு போடும்போது அதே கேள்வியை ஏன் கேக்கறதில்லை? வேகத்தடையை டேப் வெச்சு அளந்து பாக்காம கான்ட்ராக்டருக்குப் பில் பாஸ் பண்ணக் கூடாது. கேக்கறது இவ்வளவுதான்.

வர்ற அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் டேப்போடதான் போகப் போறேன். உங்க தெரு மேட்டையும் ஒருதடவை அளந்து பாருங்க.