உப்புக்கரைசலுக்கு முன் குடிநீர்

1971. போருக்குத் தப்பி எல்லை தாண்டிய வங்க அகதிகளை, மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலரா வாரிக்கொண்டு போனது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். ஊட்டியவர்கள் நோயாளிகளின் உறவினர்களே. சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கரைசல் நோயாளியைக் காப்பாற்றும். நோயைத் தடுப்பது மலம் கலக்காத குடிநீர்தான். போரே இல்லாத காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவியது. அதே ஆண்டு டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது.

போர் நடக்கும் நாட்டில் குழாயைக் குண்டு உடைக்கிறது. இங்கே பல ஊர்களில் சாதி அதைக் காலனிக்கு முன்பே நிறுத்திவிடுகிறது. பனவடலிசத்திரத்திலிருந்து நான் சொல்வது இதுதான் தோழர்களே: நோய் வந்தபின் பொட்டலத்தோடு வரும் அரசிடம், வருமுன்னே காலனிக்குச் சுத்தமான குடிநீர் கேட்போம்.