ஐக்கியத்தின் விலை

ஐக்கியத்தைப் போற்றாதார் நாட்டில் இல்லை. அதற்குரிய விலையைக் கொடுக்க முன்வருவோரோ சிலரே. இதற்கு வேலூர் வட்டாரமே சாக்ஷி.

1806-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோற்சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கும்பெனிப் படைத்தலைவர் விதித்த கட்டளைகளே உடனடிக் காரணம். ஹிந்துவும் முஸல்மானும் ஒருங்கே புண்பட்டனர்; ஒருங்கே எழுந்தனர். ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அவர்களை ஒடுக்கிற்று. ஆயினும் அக்கட்டளைகள் நிலைக்கவில்லை. கவர்னர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

அந்த ஐக்கியம் உயிரையே விலையாகக் கொண்டது. எனினும் எதிரி யார் என்பதில் அன்று ஐயமில்லை. இன்று நம் முன்னுள்ள சோதனை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகள் பல்லாயிரவர்க்குச் சோறிட்டன. அவற்றின் கழிவுநீரே பாலாற்றையும் கிணறுகளையும் கழனிகளையும் கெடுத்தது. இங்கே ஆதாயம் பெற்றவரும் நஷ்டமடைந்தவரும் அண்டை வீட்டார்.

கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30-லும் அக்கடமையை மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. இடையே 28 ஆண்டுகள்! ஊர் நன்மைக்காக உழவன் பொறுத்துக்கொள்ளட்டும் என்பார் உண்டு. சாலைகளை இழுத்து மூடுக என்பாரும் உண்டு. முன்னவர் உழவனைப் பலியிடுகின்றனர். பின்னவர் தொழிலாளியைப் பலியிடுகின்றனர். ஒருவன் தலையில் சுமையேற்றி மற்றவர் கைவீசி நடப்பது ஐக்கியமாகாது. நலிந்தவனின் மௌனத்தை ஒற்றுமையென்று மயங்குதல் பெரும் பிழை.

வழி இல்லாமற் போகவில்லை. தனித்துச் செய்ய இயலாத சிறு முதலாளிகள் செலவைப் பகிர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தனர். இது நல்ல தொடக்கம். இக்கூட்டு முதலாளிகளோடு நின்றுவிடலாகாது. உழவரும் தொழிலாளரும் அதில் சமமாக அமர வேண்டும். கணக்குகள் அவர்கள் முன் விரிக்கப்பட வேண்டும். தோலால் பொருளீட்டுவோர் அனைவரும் தத்தம் பங்கைச் செலுத்த வேண்டும்.

2019-ல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பாலாறு பிரியவில்லை, மேலூரார் விடுவது கீழூராரைச் சேர்ந்தே தீரும். ஆற்றின் துன்பம் பொதுவாயிருக்க, அதைத் தீர்க்கும் செலவு மட்டும் பொதுவாகாதிருத்தல் நியாயமோ? வேலூர் மக்கள் விடை கூறுவார்களாக.