ராஜினாமா என்னும் பெயரில் ஆட்குறைப்பு

2025 ஜூலை 10 அன்று டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தனது காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. மூன்று மாத நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். பங்குதாரர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை. அதே மாதத்தின் 27ஆம் நாள், ஊழியர்களில் நூற்றுக்கு இருவரை, ஏறத்தாழ 12,000 பேரை, வெளியேற்றப் போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட பதினேழு நாட்களில் கப்பல் எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. அக்டோபரில் அடுத்த கணக்கு வந்தபோது ஊழியர் எண்ணிக்கை 6,13,069இலிருந்து 5,93,314ஆகச் சுருங்கியிருந்தது. குறைந்தவர்கள் 19,755 பேர். அவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தால் நீக்கப்பட்டவர்கள் அல்லர், தாமாகவே விலகிச் சென்றவர்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

தாமாகவே விலகுவோர் எந்த ஆண்டிலும் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இத்துறையில் "தாமாகவே" என்ற சொல் எவ்வாறு ஈட்டப்படுகிறது என்பதைத் தொழிற்சங்கங்களிடம் வந்து குவியும் புகார்கள் சொல்கின்றன. ஊழியர் ஓர் அறைக்கு அழைக்கப்படுகிறார். எதிரே மனிதவள அதிகாரி. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் சில மாதச் சம்பளமும் பணிவிடுப்புக் கடிதமும் கிடைக்கும். மறுத்தால் பணிநீக்கம் என்று பதிவாகும், பிறகு வேறு எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாது என்று சொல்லப்படுகிறது. வீட்டுக்கடன் தவணையை எண்ணிப் பார்த்து அவர் கையெழுத்திடுகிறார். கணக்கேட்டில் அது விருப்ப விலகல்.

நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆவணங்களைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் இம்மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடப்பதைக் காண்கிறேன். மனிதர்கள் அங்கே 'ரிசோர்ஸ்'. வேலை பறித்தலை ஐபிஎம் நெடுங்காலமாக 'ரிசோர்ஸ் ஆக்‌ஷன்' என்றே அழைத்து வருகிறது. ஊழியர் வெளியேறுவது 'அட்ரிஷன்', நேர்பொருளில் தேய்மானம். இயந்திரத்துக்குச் சொல்வதை மனிதனுக்குச் சொல்கிறார்கள்.

இந்தப் பெயர்களுள் மிகுந்த கேடு விளைவிப்பது, நம் தோழர்களும் தயக்கமின்றி வழங்கும் 'லே-ஆஃப்' என்பதுதான். பஞ்சாலைத் தொழிலாளிக்கு லே-ஆஃப் என்றால் என்னவென்று தெரியும். பஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது. ஆகவே ஆலை தற்காலிகமாக வேலை தர இயலவில்லை. அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் நீடிக்கும். அரைச்சம்பளம் இழப்பீடாக உண்டு. நிரந்தரமாக வெளியே அனுப்புவதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வேறு: ஆட்குறைப்பு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் அதை மிக விரிவாக வரையறுத்தது. ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல், எந்தக் காரணத்துக்காக வேலையளிப்பவர் ஒருவரை நீக்கினாலும் அது ஆட்குறைப்பே என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும்; பணியாற்றிய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் சம்பளம் வேண்டும்; அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்; கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்ற நெறியைப் பின்பற்ற வேண்டும்; மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இத்தனையும் ஒரே ஒரு சொல்லால் இல்லாமற் போகும். அந்தச் சொல் ராஜினாமா. விருப்ப விலகல் ஆட்குறைப்பின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. பல்லாண்டு அனுபவமுள்ள நடுநிலை, மேல்நிலை ஊழியர்களையே பெரிதும் குறிவைக்கும் நிர்வாகத்துக்கு, கடைசியாக வந்தவர் முதலில் என்ற நெறி எவ்வளவு இடைஞ்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் அழைத்துக் கையெழுத்து வாங்க அவர்கள் இவ்வளவு பாடுபடுவதன் இரகசியம் இதுவே.

நீக்கத்துக்குச் செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்று நிறுவனத்தின் தலைமை விளக்கியது. அப்படியே வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுகள் ஓர் ஊழியரை எந்த வாடிக்கையாளரின் எந்தப் பழைய மென்பொருளில் அமர்த்துவது என்று முடிவு செய்தவர் யார்? அந்தத் திறனை மணிக்கணக்கில் டாலருக்கு விற்றவர் யார்? விற்ற வரையில் அது நிறுவனத்தின் சரக்கு. விலைபோகாத நாளில் அது ஊழியரின் குறைபாடு.

2025 ஜூன் 12 முதல் நடப்புக்கு வந்த 'பெஞ்ச்' விதியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆண்டில் 225 நாட்கள் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கத்தக்க பணியில் இருக்க வேண்டும். திட்டம் எதுவுமின்றி 35 நாட்களுக்கு மேல் இருக்கலாகாது. ஆர்டர் பிடிப்பது ஊழியரின் வேலையா? சந்தையின் ஏற்றத்தாழ்வைத் தாங்குவதற்காகவே முதலாளிக்கு லாபம் என்று முதலாளித்துவப் பொருளாதாரப் பாடநூல்கள் ஓதி வந்தன. இப்போது லாபம் அங்கேயே இருக்கிறது. ஏற்றத்தாழ்வு மட்டும் ஊழியரின் தோளுக்கு மாறிவிட்டது. 2024-25 நிதியாண்டில் இந்நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 126 ரூபாய், மொத்தத்தில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல், ஈவுத்தொகை வழங்கியது. அதில் நூற்றுக்கு 71 பங்குக்கு மேல் சென்று சேர்ந்த இடம் டாட்டா சன்ஸ்.

டாட்டாவை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2022இல் கல்லூரியிலேயே தேர்வு செய்து, இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வைத்து, பிறகு சேர்த்துக்கொண்ட இளைஞர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தனது மைசூரு வளாகத்திலிருந்து வெளியேற்றியது. மூன்று வாய்ப்புகளிலும் தேர்வில் தேறவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். அங்கே வழங்கிய மங்கலச் சொல் 'பரஸ்பரப் பிரிவு'. வாரத்துக்கு எழுபது மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று 2023இல் உபதேசித்தவர் அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். எழுபது மணி நேரம் உழைக்கத் தயாராக வந்தவர்களுக்குத்தான் வாசல் காட்டப்பட்டது.

அரசுகள் எங்கே நின்றன? 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து இத்துறைக்குக் கர்நாடகம் 2014இல் விலக்களித்தது, 2019இல் நீட்டித்தது, 2024இல் மீண்டும் நீட்டித்தது. ஆட்சிகள் மாறின, விலக்கு மாறவில்லை. மோடி அரசோ 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்தியது. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் ஆட்குறைப்பின் வரையறையிலிருந்து குறித்தகாலப் பணியின் முடிவும் நழுவ விடப்பட்டுள்ளது. ராஜினாமா என்ற புறவாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு புறவாசல்.

இனி நம்மவர்களிடம் ஒரு சொல். "லட்சங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள், நேற்றுவரை சங்கம் என்றாலே முகம் சுளித்தவர்கள், அவர்களுக்காக நாம் ஏன்?" என்ற முணுமுணுப்பு கிளைக் கூட்டங்களில் கேட்கிறது. முகம் சுளித்தது உண்மை. ஆனால் புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு மூன்றேகால், மூன்றரை லட்சம் என்ற ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது, விலைவாசி நிற்கவில்லை. தவிரவும், சம்பளத்தின் அளவு ஒருவரைத் தொழிலாளி அல்லாதவராக்குவதில்லை. சட்டமே அப்படிச் சொல்லவில்லை. சம்பள வரம்பு மேற்பார்வைப் பணியாளருக்கு மட்டுமே. அன்று 10,000 ரூபாய், புதிய தொகுப்பில் 18,000. தொழில்நுட்பப் பணி செய்பவர் எவ்வளவு வாங்கினாலும் தொழிலாளியே. அட்டையில் 'லீட்' என்றும் 'மேனேஜர்' என்றும் அச்சிட்டுக் கொடுத்தாலும், நீதிமன்றம் பார்ப்பது அவர் உண்மையில் செய்த வேலையை. முதலாளிகள் பரப்பிய பொய்யை நாமும் நம்பிக்கொண்டு, ஏறத்தாழ 58 லட்சம் பேர் உழைக்கும் ஒரு துறையை வர்க்கத்துக்கு வெளியே நிறுத்துவது மார்க்சியம் ஆகாது.

கர்நாடகத்தில் 2017இல் உருவான ஐடி ஊழியர் சங்கம், 2024இல் வேலைநாளைப் பதினான்கு மணி நேரமாக்கும் யோசனையை எதிர்த்துத் தெருவுக்கு வந்து அதைக் கிடப்பில் போடச் செய்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்த வேண்டி வந்ததும் சங்கத்தவர் உயர் நீதிமன்றம் சென்றதால்தான்.

பெங்களூரு, புனே, ஹைதராபாத், நொய்டா நகரங்களில் தமிழ் பேசும் நம் உறுப்பினர்களின் வீடுகளிலேயே இத்துறை ஊழியர் ஒருவராவது இருப்பார். அவருக்கு இப்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கேட்ட மாத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்; அவகாசம் கேட்டு எழுத்தில் கோருக. அழைத்த நாள், நேரம், பேசியவர் பதவி, பேச்சின் சாரம் ஆகியவற்றை அன்றே குறித்து வைக்கவும். நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டுவிட்டால், அன்றைக்கே தம் சொந்த மின்னஞ்சலிலிருந்து அதைச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதவும். சமரச அலுவலரிடம் மனுச் செய்து 45 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில் தொழில் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகலாம். முன்பு மூன்றாண்டாக இருந்த கெடு இப்போது இரண்டாண்டு. மனு எழுதத் தெரிந்த தோழர் ஒருவரை ஒவ்வொரு பகுதிக்குழுவும் இந்த மாதத்துக்குள் பொறுப்பாக்க வேண்டும்.