கடைசிப் பக்கத்து விடை

சதுரங்கம் ஆடுகிறவர்கள் மத்தியில் இன்று ஒரு நூதன பக்தி பரவியிருக்கிறது. ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய கையோடு கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள். ‘இருபதாவது நகர்த்தல் தவறு, குதிரையை இங்கே வைத்திருக்க வேண்டும்’ என்கிறது அது. ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. அடுத்த வாரம் அதே தவறு, அதே தலையாட்டல்!

இதற்குப் பெயர் கல்வியாம். நான் ஒப்பமாட்டேன். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதுகிற பையனுக்கு விடை தெரியும், கணக்குத் தெரியாது.

யந்திரத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. 1997-ல் நியூயார்க்கில், ஆறு ஆட்டங்கள் கொண்ட பந்தயத்தில், உலகச் சாம்பியன் காஸ்பரோவை டீப் புளூ வென்றது. இன்றோ, காசில்லாமல் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் எந்த மனிதரையும் தோற்கடிக்கும். ஆனால் அது நமக்குத் தருவது என்ன? சிப்பாய்க் கணக்கில் ஓர் எண். கூடவே ஒரு நகர்த்தல் வரிசை. இரு பக்கமும் யந்திரமே ஆடினால் நிலைமை எப்படி என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நீங்கள் ஏன் குதிரையை அங்கே வைக்கவில்லை? பயமா, அவசரமா, கடிகாரத்தின் நெருக்கடியா, எதிராளியின் யானையைக் கவனிக்கவே இல்லையா? யந்திரத்துக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவரே. நீங்களோ தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்!

தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, பிறர் குறை காணும்படி அச்சிலும் வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தியவர் சோவியத் சாம்பியன் போட்வினிக். அவர் யந்திரத்துக்குப் பகைவரா? மின்பொறியியல் வல்லுநர், சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டரை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர்!

சென்னையின் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். தரப்புள்ளி 2500-ஐ நெருங்கும் வரை அவரை யந்திரத்தின் பக்கமே விடாமல் வளர்த்தார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. அந்தக் குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியனானார். யந்திரத்தைத் தள்ளி வைத்ததால்தான் வென்றார் என்று சொல்ல வரவில்லை. தள்ளி வைத்ததால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. என் வாதத்துக்கு அது போதும்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். எந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், எத்தனை நிமிஷம் யோசித்தீர்கள் என்று எழுதுங்கள். எங்கே சறுக்கினீர்கள் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பிறகு யந்திரத்தைக் கூப்பிடுங்கள். அது முரண்படும் இடத்தில் பணிந்துவிடாதீர்கள். உங்கள் நகர்த்தலையே ஆடிக்காட்டி, ‘எங்கே, இதை உடை பார்ப்போம்!’ என்று கேளுங்கள். உடைக்கும். எப்படி உடைகிறது என்று கண்ணால் காண்கிறீர்களே, அதுதான் பாடம். ஒரே விதமான உடைப்பு நோட்டில் மூன்று முறை வந்தால், உங்கள் நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

நேரமில்லை என்பீர்கள். நாளைக்கு நான்கு ஆட்டம் ஆட மட்டும் நேரமிருக்கிறதோ? மூன்றை விட்டு ஒன்றை ஆராயுங்கள். போட்டி மண்டபத்துக்குள் செல்போனை விடமாட்டார்கள். உள்ளே உங்களோடு வருவது உங்கள் தலை ஒன்றுதான். அதை ஆட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.